பதினாலாயிரம்

ஷேலெ என்றால்
மண்ணுக்கடியில் உறைந்து கிடக்கும் குளிர்.
மே மாதம் அது இளகும்போது தார் வீங்கும், சாலை பிளக்கும்.
எங்கள் பக்கத்துச் சாலைப் பணியாளர்கள்
பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் சொல்.
அதையே தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்
அந்த இருவர்.
முகம் காட்டியதில்லை. பேட்டி கொடுத்ததில்லை.

முதல் தொகுப்பை வீட்டில் போட்ட அன்று
சமையலறையிலிருந்து குன்வோர் கேட்டாள்:
"அந்த ஃப்ரிட்ஜை எப்போதுதான் சரிசெய்வாய்?"
அதைவிட நல்ல விமர்சனம்
இன்றுவரை யாரும் எழுதவில்லை.

லூலியோவில் நாங்கள் ஐந்து பேர்.
பெஸ்னிக் டயர் மாற்றுகிறான்.
பட்டறையில் ஷேலெ ஓடினால்
வாடிக்கையாளர்கள் பேரம் பேசாமல் பணம் கட்டிவிட்டுப்
போய்விடுகிறார்களாம்.
இல்வா இரவெல்லாம் ரொட்டி சுடுகிறாள்.
சிக்ஸ்டன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர்;
ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு,
மற்ற நாள்களில் இவர்களுக்கு.
டுவாவுக்குப் பத்தொன்பது வயது.
தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வாள்,
பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது இசைத்துண்டின் ஏழாம் நிமிடத்தில்
ஒரு மெல்லிய ஒலி வரும் என்பார்கள்.
பதினாலாயிரம் ஹெர்ட்ஸ்.
ஊசி முனையில் நிற்கும் வெளிச்சம் என்பான் பெஸ்னிக்.
மாவுக்குள் விழுந்த ஒற்றை முடி என்பாள் இல்வா.
சிக்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு
அது கால் சுருதி இறங்கி ஏறுவதை விரலால் வரைந்து காட்டுவார்.

நான் இருபத்தாறு வருடம் மர அறுவை ஆலையில் நின்றவன்.
காது மருத்துவர் காட்டிய தாளில்
என் கோடு ஆறாயிரத்திலேயே
மலையுச்சியிலிருந்து குதித்துவிட்டிருந்தது.
"இதற்குமேல் ஒன்றுமில்லை" என்றார்
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல்.

நான்கு வருடம் தலையாட்டினேன்.
ஆமாம், ஆமாம், அந்த ஊசி. அடடா.

இந்த மார்ச்சில் கிருனாவில்
இடிக்க நாள் குறித்த ஒரு பழைய நீச்சல் கூடத்தில் வாசித்தார்கள்.
தண்ணீர் வடித்த குளத்தின் அடியில்
குளிர் மேல்கோட்டுகளோடு எண்பது பேர்.
ஆழமான பக்கத்தில் நாங்கள்.
குதிக்கும் பலகைக்குப் பின்னால், திரைக்கு அப்பால், அவர்கள்.
தாழ்ந்த ஒலிகளெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன
ஓடுகளின் வழியே, பூட்ஸின் வழியே, முழங்கால் வரை,
இல்லாத தண்ணீர் ஏறுவதுபோல.

மூன்றாவது துண்டு. ஏழாம் நிமிடம்.
தலையாட்டினேன்.

சீக்கிரமே ஆட்டிவிட்டேன்.

டுவா திரும்பிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாடி பார்ப்பதுபோல் என் மணிக்கட்டில்
இரண்டு விரல் வைத்தாள்.
காத்திருந்தாள்.
பிறகு அழுத்தினாள்.
ஒலி நீடித்தவரை அழுத்தம் நீடித்தது,
அது நடுங்கியபோது விரல் நடுங்கியது,
எங்கோ மெலிந்து மெலிந்து
விட்டுப்போனது.
கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

திரும்பும் வழியில் வேனுக்குள் இல்வாவின் ரொட்டி,
யாரும் பேசவில்லை.
யெல்லிவாரே தாண்டியபின் பெஸ்னிக் கேட்டான்:
"இன்றைக்கு ஊசி எப்படி?"
"எனக்குக் கேட்காது" என்றேன். "ஒருநாளும் கேட்டதில்லை."

பனிக்கட்டி டயரில் அரைபடும் சத்தம் மட்டும்.

பின்னிருக்கை இருட்டிலிருந்து சிக்ஸ்டன்:
"எனக்கும்தான்."

இல்வாவுக்குப் புரையேறிவிட்டது.
பெஸ்னிக் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூடுபனியானது.
"அப்படியானால் அந்தக் கால் சுருதி?"
"அது அங்கே இருந்தாகவேண்டும்" என்றார் சிக்ஸ்டன்,
"மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு நிற்கிறதே."

டுவாதான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.
மூன்றாவது துண்டை முதலிலிருந்து போட்டாள்.
ஏழாம் நிமிடம் வந்ததும்
தூர விளக்கைப் போட்டாள்.

பிர்ச் மரங்கள் ஒரே வீச்சில் வெள்ளையாக எழுந்தன.
சாலையோரம் ஒரு பனிக்கலைமான்
எங்களைப் பார்த்துக் காதுகளைத் திருப்பியது.
அவள் விளக்கை அணைக்கும்வரை
நாங்கள் யாரும்
ரொட்டியை மெல்லவில்லை.